அன்டிபயோட்டிக் குடிக்கும்போதே கிருமி மசியாமல் போவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்புப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் பல வருடமாகக் கல்ச்சர் தட்டுப் போடுகிறவன் நான், அதாவது நோயாளியின் சலம், இரத்தம் போன்றவற்றில் இருக்கிற கிருமியைத் தட்டில் வளர்த்து, எந்த மருந்துக்கு மசிகிறது என்று பார்க்கிறவன். கல்யாண வீட்டில், கோயில் தீர்த்தத்தில், கல்முனை பஸ்ஸில் என்று எங்கே போனாலும் இந்த ஒரு விஷயத்தைத்தான் சனம் என்னிடம் கேட்கிறது. ஒவ்வொருவருக்கும் அரைகுறையாகச் சொல்லி வருவதைவிட ஒரு தடவை ஒழுங்காக எழுதிவைக்கலாம் என்று தோன்றியது. உங்களுக்கு எந்த மருந்து, எத்தனை நாள் என்பதை டொக்டர்தான் சொல்ல வேண்டும். உடம்புக்குள்ளும் தட்டிலும் என்ன நடக்கிறது என்பதை நான் சொல்கிறேன்.

அடிக்கடி குடித்ததால் என் உடம்புக்கு அன்டிபயோட்டிக் பழகிவிட்டது. அதனால்தான் வேலை செய்வதில்லை, அப்படித்தானே?

இல்லை. பழகுவது உடம்பு அல்ல, பக்டீரியா. இந்தக் குழப்பத்துக்குப் பாதிக் காரணம் நம்முடைய சொல்தான் என்று நினைக்கிறேன். நோய் எதிர்ப்புச் சக்தி என்றால் நல்லது, அது நமக்கு இருக்க வேண்டியது. அதே 'எதிர்ப்பு' என்ற சொல்லை வைத்து மருந்து எதிர்ப்பு என்று சொன்னால் அதுவும் நம் உடம்பில் இருக்கிற ஏதோ ஒன்று என்றுதான் கேட்பவருக்குப் படும். அதனால் நான் 'மருந்துக்கு மசியாத கிருமி' என்றே சொல்வேன். இதில் ஒரு முக்கியமான விளைவு இருக்கிறது: வாழ்நாளில் ஒரு கப்சூல்கூட விழுங்காத பச்சைக் குழந்தைக்கும் மசியாத கிருமி தொற்றலாம். அந்தக் கிருமி வேறு யாருடையதோ உடம்பில் பழகி, கை, தண்ணீர், சாப்பாடு, ஆஸ்பத்திரிக் கட்டில் என்று ஏதோ ஒரு வழியாக அந்தப் பிள்ளையிடம் வந்து சேர்ந்திருக்கும்.

மருந்தைக் கண்ட பிறகுதான் பக்டீரியா தன்னை மாற்றிக்கொள்கிறதா?

பெரும்பாலும் அதற்கு முன்பே மாறியது அங்கே இருக்கிறது. வயல் செய்கிறவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது லேசு. ஒவ்வொரு போகமும் புல்லுக்கு ஒரே களைகொல்லி எண்ணெயை அடித்துக்கொண்டு வாருங்கள், நாலைந்து வருடத்தில் சில புல் மட்டும் சாகாமல் நிற்கும், அதன் விதைதான் அடுத்த பெரும்போகத்தில் வயல் முழுக்க முளைக்கும். எண்ணெய் அந்தப் புல்லுக்கு எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. பக்கத்தில் நின்றதையெல்லாம் கொன்று அதற்கு இடம் விட்டுக்கொடுத்தது, அவ்வளவுதான்.

பக்டீரியாவிலும் இப்படித்தான் என்பதை 1943இல் லூரியா, டெல்புருக் என்ற இருவர் காட்டினார்கள். பக்டீரியாவைத் தனித்தனிக் குழாய்களில் வளர்த்து, அவற்றைக் கொல்லும் ஒரு வைரஸோடு தட்டுகளில் விட்டார்கள். வைரஸைக் கண்ட பிறகுதான் மாறுகிறது என்றால் எல்லாத் தட்டிலும் தப்பியவை ஏறக்குறைய ஒரே அளவாக இருக்க வேண்டும். ஆனால் சில தட்டில் ஒன்றுமில்லை, சில தட்டில் கூட்டம் கூட்டமாக இருந்தது. அதாவது சில குழாயில் அந்த மாற்றம் முன்கூட்டியே தற்செயலாக நடந்து பெருகிவிட்டிருந்தது. 1952இல் லெடர்பேர்க் தம்பதியர் வெல்வெட் துணியால் ஒரு தட்டில் இருந்த பக்டீரியாக் கூட்டங்களை அப்படியே ஒற்றி எடுத்து வேறு தட்டுகளில் பதித்து, ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தை ஒருபோதும் காணாத பக்டீரியாவிலேயே அதற்கு மசியாதவை இருப்பதைப் பிரித்தே காட்டிவிட்டார்கள்.

இதை எண்ணிக்கையாக யோசித்துப் பாருங்கள். ஈகோலை பக்டீரியா நல்ல சூழலில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். ஒவ்வொரு தடவையும் டிஎன்ஏ படி எடுக்கப்படுகிறது, எப்போதாவது ஓர் எழுத்துப் பிழைக்கிறது. பெரும்பாலான பிழையால் ஒன்றும் நடக்காது, சிலது பக்டீரியாவையே கொல்லும். கோடியில் ஒன்றில் மட்டும் மருந்து போய் ஒட்டுகிற இடம் கொஞ்சம் உருமாறியிருக்கும், அல்லது உள்ளே வந்த மருந்தை வெளியே தள்ளுகிற பம்ப் வழமையைவிட வேகமாக ஓடும். கோடியில் ஒன்று என்பது நமக்கு மிக அரிதாகத் தெரியலாம், பக்டீரியாக் கணக்கில் அப்படி இல்லை. சலத்தில் கிருமி இருக்கிறது என்று நாங்கள் ரிப்போர்ட் எழுதுவதற்கு வழமையாகப் பார்க்கிற அளவே ஒரு மில்லிலீற்றரில் 1 லட்சம் பக்டீரியா. உடம்பில் ஒரு கடும் தொற்று என்றால் கோடிக்கணக்கில் இருக்கும்.

முதல் கல்ச்சரில் 'எஸ்' (வேலை செய்யும்) என்று வந்த மருந்து, ஒரு கிழமை கழித்து எடுத்த கல்ச்சரில் 'ஆர்' (வேலை செய்யாது) என்று வருகிறது. ஆய்வுகூடத்தின் பிழையா?

பிழையாக இருக்கலாம், நாங்களும் மனிதர்கள்தான், அதனால் திரும்பச் செய்து பார்ப்போம். ஆனால் பல நேரம் இரண்டு ரிப்போர்ட்டும் சரி. நோயாளியின் உடம்பில், சிகிச்சை நடக்கும்போதே, கிருமிக் கூட்டம் ஆள் மாறிவிட்டது.

தட்டில் இதைக் கண்ணால் பார்க்கலாம். தட்டு முழுக்கப் பக்டீரியாவைப் பூசி, மருந்து ஊறின சின்ன வட்டத் தாள்களை மேலே வைத்து, ஓர் இரவு சூட்டில் வைப்போம். மருந்து வேலை செய்தால் தாளைச் சுற்றி ஒன்றும் முளைக்காமல் தெளிந்த வட்டம் விழும். சில நாள் அந்தத் தெளிந்த வட்டத்துக்குள்ளேயே ஒன்றிரண்டு வெள்ளைப் பொட்டுகள் நிற்கும். எத்தனை வருடம் ஆனாலும் அந்தப் பொட்டுகளைக் காணும்போது எனக்கு வயிற்றைக் கலக்கும். வேறு கிருமி தட்டில் விழுந்ததா என்று சோதித்துப் பார்த்து, அதே கிருமிதான் என்றால், சுற்றி எல்லாம் செத்த இடத்தில் சாகாமல் நிற்கிற அந்தப் புல் இதுதான்.

என்டரோபாக்டர் என்றொரு கிருமி இதில் பேர்போனது. செபலோஸ்போரின் வகை மருந்துகளை வெட்டிப்போடும் ஒரு நொதியைச் செய்கிற மரபணு அதனிடம் பிறப்பிலேயே உண்டு, ஆனால் சுவிட்ச் பெரும்பாலும் அணைந்தே இருக்கும். அதனால் முதல் ரிப்போர்ட்டில் 'எஸ்' வரும். கூட்டத்தில் சிலவற்றில் அந்தச் சுவிட்ச் பழுதாகி எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும். மருந்து ஏற்றும்போது மற்றவை சாக, பழுதான சுவிட்ச்காரர்கள் மட்டும் மிஞ்சிப் பெருகும். சூடோமோனாஸ் என்ற கிருமியும் இப்படிச் சிகிச்சை நடுவிலேயே கைவிரிக்க வைக்கும். வார்டில் ஒருவருக்குக் காய்ச்சல் விட்டு மறுபடி ஏறினால் டொக்டர் திரும்பவும் இரத்தம் எடுத்து அனுப்புவதற்கு இதுவும் ஒரு காரணம். ஊசி குத்திக் குத்தி ஆளைக் கொல்கிறார்கள் என்று கோபப்படாதீர்கள்.

காசநோய்க்கு ஏன் ஒரே நேரத்தில் 4 மருந்து?

இந்தக் கேள்விக்குத்தான் மிகத் தெளிவான விடை இருக்கிறது, அது துயரமான ஒரு பாடத்தில் இருந்து வந்தது. பிரித்தானியாவில் 1948இல் வெளியான ஆய்வில் 55 நோயாளிகளுக்கு ஸ்ட்ரெப்டோமைசின் மட்டும் கொடுத்தார்கள், 52 பேருக்குப் படுக்கை ஓய்வு மட்டும். 6 மாதத்தில் மருந்து பெற்றவர்களில் 4 பேரும் மற்றவர்களில் 14 பேரும் இறந்திருந்தார்கள். பெரிய வெற்றி மாதிரித் தெரிந்தது. ஆனால் மருந்து பெற்ற பலருக்குச் சிகிச்சை நடக்கும்போதே கிருமி மசியாததாக மாறிவிட்டது, வருடங்கள் போகப் போக இரண்டு கூட்டத்துக்கும் இடையில் இருந்த வித்தியாசம் வெகுவாகச் சுருங்கிப்போனது.

கணக்கு இதுதான். ஐசோனியசிட், ரிஃபாம்பிசின் இரண்டும் காசநோய்க்குக் கொடுக்கிற மருந்துகள். ஐசோனியசிட்டுக்கு மசியாத காசநோய்க் கிருமி இயல்பாகவே ஏறக்குறைய 10 லட்சத்தில் ஒன்று, ரிஃபாம்பிசினுக்கு மசியாதது 10 கோடியில் ஒன்று. நுரையீரலில் ஒரு குழி விழுந்துவிட்டால் அதற்குள் 10 கோடிக் கிருமி இருக்கலாம். ஒரு மருந்து மட்டும் கொடுத்தால் தப்புகிறவன் முதல் நாளே உள்ளே உட்கார்ந்திருக்கிறான். ஆனால் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் மசியாத கிருமி என்றால் இரண்டு எண்ணையும் பெருக்க வேண்டும், அது 100 லட்சம் கோடியில் ஒன்று. அவ்வளவு கிருமி எந்த மனிதனின் நெஞ்சிலும் இல்லை. அதனால்தான் முதல் 2 மாதம் 4 மருந்து, அடுத்த 4 மாதம் 2 மருந்து, அதுவும் பக்கத்தில் ஆள் இருந்து விழுங்கவைத்துப் பார்க்கிறார்கள். நெஞ்சு நோய் கிளினிக்கில் இருந்து வீட்டுக்கு ஆள் வந்தால் அக்கம்பக்கத்துக்குத் தெரிந்துவிடும் என்று வெட்கப்பட்டு இரண்டு மாதத்தில் விட்டவர்களை எனக்குத் தெரியும். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். இலங்கையில் இந்தச் சிகிச்சை முழுக்க இலவசம்.

சுகமான பிறகும் கோர்ஸை முடித்தே ஆக வேண்டுமா?

நானே பல வருடம் "ஒரு குளிசையும் மிச்சம் விடாமல் முடியுங்கள், இல்லாவிட்டால் கிருமி பழகிவிடும்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன். இப்போது அப்படி ஒரே வரியில் சொல்வதில்லை. காசநோய்க்கு அது முழு உண்மை. எலும்பில், இதய வால்வில் வருகிற தொற்றுகளுக்கும் நீண்ட நாள் வேண்டும். ஆனால் சாதாரணத் தொற்றுகள் பலவற்றுக்கு நாம் தேவைக்கு அதிகமான நாள் மருந்து குடித்து வந்திருக்கிறோம் என்பது அடுத்தடுத்த ஆய்வுகளில் தெரிந்துவிட்டது. பெண்களுக்கு வருகிற சாதாரணச் சலக்கடுப்புக்குப் பல மருந்துகளில் 3 முதல் 5 நாள் போதும். சிக்கலில்லாத நிமோனியாவுக்குப் பலருக்கு 5 நாள் போதும். முன்பு இரண்டு கிழமை கொடுத்த சில இரத்தத் தொற்றுகளுக்கு 7 நாள் கொடுத்தாலும் முடிவு அதேதான்.

கூடுதலாகக் குடிக்கிற ஒவ்வொரு நாளும் சும்மா போவதில்லை, அதன் விலையை அடுத்த கேள்வியில் சொல்கிறேன். அதனால் இப்போது நான் சொல்வது இதுதான்: டொக்டர் எழுதின நாள் வரை குடியுங்கள், சுகமாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள், நீங்களாக நீட்டவும் வேண்டாம். மருந்துத் துண்டு எழுதும்போதே "எத்தனை நாள், டொக்டர்? சீக்கிரம் சுகமானால் என்ன செய்ய?" என்று கேட்டுவிடுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட ஒன்றுமில்லை.

நோயைத் தந்த கிருமியை மட்டும்தானே மருந்து கொல்லும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை வாசிக்க நேரம் இருந்தால் இதை வாசியுங்கள். விழுங்கிய மருந்து இரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் போகிறது. தொண்டைக்காகக் குடித்த அமொக்சிசிலின் குடலுக்கும் தோலுக்கும் போகும். குடலில் கோடானுகோடி பக்டீரியா நமக்கு ஒரு தொந்தரவும் செய்யாமல் குடியிருக்கிறது. மருந்து அவற்றில் மசிகிறதைக் கொல்லும், மசியாததை விட்டுவைக்கும். தொண்டை சுகமாகிவிடும், நாமும் மறந்துவிடுவோம், ஆனால் குடலில் இப்போது இருக்கிற கூட்டம் பழைய கூட்டம் அல்ல. ஒரு கோர்ஸ் அன்டிபயோட்டிக் குடித்தவரிடம் மசியாத பக்டீரியா கூடுதலாக இருப்பது முதல் மாதத்தில் மிக அதிகம், அதன் தடம் 12 மாதம் வரைகூட இருக்கும் என்று 2010இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு கட்டுரை சொன்னது.

இன்னொன்றும் உண்டு. பக்டீரியா இந்தத் திறனைத் தன் பிள்ளைக்கு மட்டும் கொடுப்பதில்லை, பக்கத்து வீட்டுக்காரனுக்கும், வேறு சாதிப் பக்டீரியாவுக்கும்கூடக் கொடுக்கும். பிளாஸ்மிட் என்கிற சின்ன டிஎன்ஏ வளையத்தில் நாலைந்து மருந்துக்கான மசியாத்தனத்தைக் கட்டி ஒரே தடவையில் கைமாற்றிவிடும். ஜப்பானில் 1950களில் வயிற்றுக்கடுப்புக் கிருமி ஒரேயடியாகப் பல மருந்துக்கு மசியாமல் போனதை ஆராய்ந்தபோதுதான் இது வெளிச்சத்துக்கு வந்தது. குடலில் இருந்த ஈகோலையிடம் இருந்து அது கைமாறியிருந்தது.

என் பெரியம்மாவுக்கு ஒரு வருடத்தில் மூன்று தடவை தடிமன், மூன்று தடவையும் ஒரு தனியார் இடத்தில் அன்டிபயோட்டிக் கொடுத்தார்கள். தடிமன் வைரஸால் வருவது, அதற்கு அந்தக் குளிசை ஒரு பிரயோசனமும் இல்லை, கொத்தமல்லித் தண்ணியும் ஓய்வும் போதும். அடுத்த வருடம் அவருக்குச் சலத்தில் கிருமி ஏறிக் குளிர்காய்ச்சல் வந்தது. தட்டை நானே போட்டேன். வட்டம் விழ வேண்டிய ஏழு இடத்தில் ஐந்தில் தாளின் விளிம்பு வரை பக்டீரியா. வாயால் குடிக்கிற மருந்து ஒன்றும் சரிவரவில்லை, வார்டில் படுத்து ஊசியாகத்தான் ஏற்ற வேண்டியிருந்தது. அந்த மூன்று கோர்ஸால்தான் இது வந்தது என்று தனி ஓர் ஆளை வைத்து யாராலும் நிரூபிக்க முடியாது. ஆனால் அந்தத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற நேரத்தை நான் மறக்கவில்லை.

நோன்பு காலத்தில் மூன்று நேரக் குளிசையை இரண்டு நேரமாக்கலாமா?

காத்தான்குடி, ஏறாவூர், அக்கரைப்பற்றுப் பக்கம் ஒவ்வொரு நோன்பிலும் வருகிற கேள்வி. நீங்களாக மாற்றாதீர்கள். அமொக்சிசிலின் போன்ற மருந்துகள் இரத்தத்தில் ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் எத்தனை மணிநேரம் நிற்கின்றன என்பதில்தான் வேலையே இருக்கிறது. 8 மணிநேரத்துக்கு ஒருமுறை என்பது அதற்காகத்தான். நீண்ட இடைவெளி விட்டால் அளவு இறங்கி, அரைகுறையாக மசியாத பக்டீரியாவுக்குப் பெருக நேரம் கிடைக்கும். பல தொற்றுகளுக்கு ஒரு நேர அல்லது இரண்டு நேர மருந்தும் இருக்கிறது, நோன்பு பிடிக்கிறேன் என்று டொக்டரிடம் முதலிலேயே சொன்னால் அதை எழுதுவார். கடும் நோய் என்றால் நோன்பை விட்டுப் பிறகு கழாச் செய்ய மார்க்கத்தில் இடமுண்டு என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

எலிக்காய்ச்சலுக்கு என்று வயல்காரருக்கு வாரா வாரம் டொக்சிசைக்கிளின் கொடுக்கிறார்களே, அது மட்டும் பரவாயில்லையா?

நியாயமான கேள்வி. அந்தக் குளிசையும் குடல் பக்டீரியாவைத் தொடத்தான் செய்யும், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சேற்றில் இறங்குகிற ஆளுக்கு எலிக்காய்ச்சல் சிறுநீரகத்தைப் பழுதாக்கி உயிரையே எடுக்கும். ஆபத்துக் கூடின ஆட்களுக்கு, வயல் வேலை நடக்கிற காலத்துக்கு மட்டும், கிழமைக்கு ஒருமுறை 200 மில்லிகிராம் என்று கணக்குப் பார்த்துத்தான் கொடுக்கப்படுகிறது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் தந்தால் வாங்கிக் குடியுங்கள். மிச்சத்தை வீட்டுப் பிள்ளையின் இருமலுக்குக் கொடுக்காதீர்கள், சின்னப் பிள்ளைக்கும் கர்ப்பிணிக்கும் டொக்சிசைக்கிளின் டொக்டர் சொல்லாமல் ஆகாது.

வயலோடு சேர்த்து இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மெலியோய்டோசிஸ் என்ற நோயின் கிருமி நம் நாட்டு மண்ணிலும் தேங்கின தண்ணீரிலும் இருக்கிறது, மாரி மழையோடு, முக்கியமாகச் சீனி வருத்தம் உள்ளவர்களைப் பிடிக்கும். அமொக்சிசிலின் அதற்கு இயல்பாகவே வேலை செய்யாது. 10 முதல் 14 நாளாவது ஊசி மருந்து, பிறகு 3 மாதம் குளிசை. இடையில் விட்டால் நோய் திரும்பும். சிகிச்சை நடுவிலேயே செஃப்டசிடிம் மருந்துக்கு இந்தக் கிருமி மசியாமல் போனதும் பதிவாகியிருக்கிறது. சீனி உள்ளவர் வயலில் இறங்கினால் காலில் பூட்ஸ் போடுங்கள், காயத்தை மூடுங்கள்.

கோழிக்குப் போடுகிற மருந்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. கொலிஸ்டின் என்பது வேறு எதுவும் சரிவராதபோது ஆஸ்பத்திரியில் கடைசியாக எடுக்கிற மருந்து. அதைப் பல நாடுகளில் பண்ணை விலங்குகளுக்குத் தீவனத்தில் கலந்தார்கள். 2015இல் சீனாவில், கொலிஸ்டினுக்கு மசியாமல் செய்கிற மரபணு பிளாஸ்மிட்டில் ஏறி, பன்றியிலும் இறைச்சியிலும் மனிதரிலும் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். நம்ம ஊரில் புறொயிலர்க் கோழி வளர்ப்பவர்களுக்குச் சொல்வது: குஞ்சு சாகக்கூடாது என்று முன்கூட்டியே தண்ணீரில் மருந்து கலக்காதீர்கள், மிருக வைத்தியரைக் கேளுங்கள், கொடுத்தால் அவர் சொன்ன நாள் கழியும்வரை விற்காதீர்கள். சமைக்கிறவர்கள் இறைச்சியை நன்றாக வேகவைத்து, கையையும் பலகையையும் கழுவினால் போதும்.

பார்மசியில் இரண்டு கப்சூல் மட்டும் வாங்கிப் போடலாமா?

வேண்டாம். துண்டு இல்லாமல் அன்டிபயோட்டிக் விற்பதே இலங்கையில் சட்டத்துக்கு மாறானது. வைரஸ் காய்ச்சலுக்கோ டெங்குக்கோ அது உதவாது, பக்டீரியாக் காய்ச்சலுக்கு இரண்டு கப்சூல் போதாது. பிறகு நீங்கள் ஆஸ்பத்திரிக்கு வரும்போது எங்கள் தட்டில் கிருமி ஒழுங்காக வளராது, என்ன நோய் என்று பிடிப்பதும் கஷ்டம்.

மருந்தைக் குறைத்தால் கிருமி பழையபடி மசியுமா?

சில இடத்தில் ஆம். பின்லாந்தில் எரித்ரோமைசின் வகையை நாடளாவிக் குறைத்தார்கள். தொண்டைப்புண் தருகிற ஸ்ட்ரெப்டோகொக்கஸில் மசியாதவை 1992இல் 16.5 சதவீதமாக இருந்து 1996இல் 8.6 ஆக இறங்கியது. இங்கிலாந்தில் 1990களில் சல்பா மருந்தை ஏறக்குறைய நிறுத்தியே விட்டார்கள், ஆனால் ஈகோலையில் சல்பாவுக்கு மசியாத்தனம் குறையவே இல்லை. அதே பிளாஸ்மிட்டில் வேறு மருந்துகளுக்கானதும் கட்டியிருந்தால் அந்த மருந்துகளைப் பாவிக்கும்போது சல்பாவுக்கானதும் சேர்ந்தே பிழைத்துக்கொள்ளும். போனது எப்போதும் திரும்பி வராது. அதனால்தான் எனக்கு இதில் இவ்வளவு பதற்றம்.

கல்ச்சர் ரிப்போர்ட்டை எப்படி வாசிப்பது?

'எஸ்' என்றால் வழமையான அளவில் மருந்து வேலை செய்யும். 'ஆர்' என்றால் செய்யாது. 'ஐ' என்றால் அளவைக் கூட்டினாலோ, மருந்து நன்றாகச் சேர்கிற இடத்தில் தொற்று இருந்தாலோ வேலை செய்யலாம், அதை டொக்டர்தான் பார்ப்பார். 'எஸ்' நிறைய இருந்தால் பட்டியலில் மேலே இருப்பதைக் கடையில் போய் வாங்கலாம் என்று அர்த்தமில்லை. மாதிரியை எப்போதும் முதல் குளிசைக்கு முன் கொடுங்கள். சலம் என்றால் கழுவிவிட்டு, முதலில் வருவதை விட்டு நடுவில் வருவதைப் பிடித்து, தாமதிக்காமல் கொண்டுவாருங்கள். முடிவு வர இரண்டு மூன்று நாள் எடுக்கும், கிருமி வளர்கிற வேகத்துக்கு மேல் எங்களால் ஓட முடியாது. ரிப்போர்ட்டை எறியாமல் கிளினிக் கொப்பிக்குள் வையுங்கள். அடுத்த தடவை காய்ச்சலோடு வரும்போது, போன வருடம் உங்களிடம் எந்தக் கிருமி எதற்கு மசியவில்லை என்று அந்தத் தாளைப் பார்த்துத்தான் டொக்டர் முதல் ஊசியைத் தெரிவு செய்வார்.